அகினா மலைக்குப் பேருந்தில் போனவன்

ஜப்பானின் ஹருனா ஏரிக்கரையில் கடைசிப் பேருந்து போய் நாற்பது நிமிடம் ஆன பிறகுதான், இவ்வளவு நேரமும் நான் நம்பிக்கொண்டிருந்தது சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களுக்கான அட்டவணை என்பது எனக்கு உறைத்தது. அன்று செவ்வாய்க்கிழமை. அக்டோபர் மாதக் கடைசி, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது; கைவிரல்கள் விறைக்கத் தொடங்கிவிட்டன. கடைசியில் கீழேயிருந்து டாக்ஸி வரவழைத்துத்தான் இறங்க முடிந்தது. அந்த டாக்ஸிக்கு அழுத பணம் இன்னும் வயிற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும்போதே, தகாசாகி நகரத்து மலிவு விடுதி ஒன்றின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுத வேண்டும் என்பதே திட்டம். வரிசை எதுவரை தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்போம்.

ஜப்பானில் கியோட்டோவும் ஃபுஜி மலையும் இருக்க, குன்மா மாநிலத்து மலைச்சாலை ஒன்றைத் தேடி ஒருவன் ஏன் போகிறான் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், ‘இனிஷியல் டி’. ஷிகெனோ ஷூஇச்சி 1995 முதல் 2013 வரை வரைந்து 48 தொகுதிகளாக வந்த மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையிலிருந்து 1998-இல் எடுக்கப்பட்ட அனிமே, அதாவது அசைபடத் தொடர் அது. ஊர் உறங்கிய பின் மலைச்சாலைகளில் சட்டத்துக்குப் புறம்பாகக் கார்ப் பந்தயம் விடும் இளைஞர்களின் கதை. நாயகன் ஃபுஜிவாரா தகுமிக்கோ பந்தயத்தில் எள்ளளவும் ஆசை கிடையாது. அப்பா புன்டா, டோஃபு என்னும் சோயாக் கட்டி விற்கும் கடைக்காரர். விடியற்காலையில் மலை மேலிருக்கும் ஏரிக்கரை ஓட்டலுக்கு டோஃபு கொண்டுபோய்க் கொடுப்பது பையனின் வேலை. உரிமம் எடுக்கும் வயது வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பிருந்தே அவன் அதைச் செய்துவருகிறான். டோஃபு உடையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, காருக்குள் ஒரு காகிதக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்து, அது சிந்தாமல் ஓட்டு என்று அப்பா சொல்லியிருக்கிறார். பந்தயக் கதை எழுத வந்தவர்கள் நூறு பேர் இருக்கலாம். வேகத்தின் இரகசியத்தை இப்படி ஒரு தளும்பும் குவளைக்குள் வைத்தவர் எனக்குத் தெரிந்து ஷிகெனோ ஒருவர்தான்.

கதையில் வரும் அகாகி, மியோகி, உசுய் கணவாய் எல்லாம் சொந்தப் பெயரிலேயே வருகின்றன. நாயகனின் மலைக்கு மட்டும் பெயர் மாற்றம்: கதையில் அகினா, வரைபடத்தில் ஹருனா. அகாகி, ஹருனா, மியோகி மூன்றும் சேர்ந்து அந்த மாநிலத்தின் புகழ்பெற்ற மும்மலைகள். மூன்றையும் பார்க்க ஆசைதான், ஆனால் கையிலிருந்த காசுக்கு ஒரு மலைதான் கட்டுப்படியானது. சொந்தமாகக் கார் எடுத்து ஓட்டியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். இந்தியாவில் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் செல்லும். ஆனால் அதைப் புறப்படும் முன்பே ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் வாங்கவில்லை. ஜப்பானில் இறங்கிய பிறகு அதற்கு வழியே இல்லை. கார்களைப் பற்றிய தொடருக்காகக் கடல் கடந்து வந்து, பேருந்தில் மலையேறிய பெருமை என்னைச் சேரும்.

டோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து தகாசாகி வரை சாதாரண ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, கட்டணம் சுமார் 2,000 யென். ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும், ஆனால் ஏறக்குறைய 5,000 யென் கேட்கும். நூறு யென்னை அறுபது ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டே பழகிய எனக்கு, மிச்சமாகும் ஒரு மணி நேரத்தின் விலை தாராளமாக ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. சாதாரண ரயிலே போதும், இருக்கையும் கிடைக்கும். தகாசாகியில் மாறி ஷிபுகவா போய்ச் சேர இன்னும் அரை மணி நேரம்.

ஷிபுகவா ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் இந்தத் தனிப் புகழை மறைப்பதில்லை. சாலையில் பதித்திருக்கும் சாக்கடை மூடிகளிலேயே தொடரின் படங்களை வண்ணத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். சட்டத்தை மீறிய பந்தயக்காரர்களை நகராட்சியே இரும்பில் வார்ப்பது உலகில் வேறெங்கும் நடக்குமா என்று தெரியவில்லை. இகாஹோ என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் போகும் வழியில் பொம்மைகளும் பழைய கார்களும் நிறைந்த ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கதையின் டோஃபு கடை முகப்பை அங்கேதான் நிறுத்தியிருக்கிறார்கள். ஜே சோ நடித்து 2005-இல் வந்த திரைப்படத்துக்காக ஷிபுகவாவின் நிஜமான டோஃபு கடை ஒன்றில் மாட்டிய பெயர்ப்பலகை, கடை இடிபட்ட பின் இங்கே வந்து சேர்ந்தது. முன்னால் ஒரு வெள்ளை-கறுப்பு டொயோட்டா ஸ்பிரிண்டர் ட்ரூயெனோ. 1983 முதல் 1987 வரை மட்டுமே தயாரான, 1,600 சிசி எஞ்சின் கொண்ட, பின்சக்கரங்களால் ஓடும் சிறிய கார். ஏஇ86 என்ற குறியீட்டால் ஜப்பானியர்கள் ‘ஹாச்சிரோகு’, அதாவது ‘எட்டு-ஆறு’ என்று செல்லமாக அழைப்பது. கதவில் ‘ஃபுஜிவாரா டோஃபு கடை, சொந்த உபயோகம்’ என்ற எழுத்து. நேரில் அது இவ்வளவு சிறிதாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கூரை என் மார்பு உயரம்தான். பொம்மைக் கரடிகளில் ஆர்வம் இல்லாதவருக்கு நுழைவுக் கட்டணம் கொஞ்சம் அதிகமாகவே தோன்றும். எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த முகப்பின் முன் அரை மணி நேரம் நின்றேன்.

அருகிலேயே மிசுசாவா. மிசுசாவா கோயிலுக்கு வந்த யாத்திரிகர்களுக்குப் பரிமாறித் தொடங்கியது என்று சொல்லப்படும் ஊடோன், அதாவது தடித்த கோதுமை நூடுல்ஸ் கடைகள் சாலையின் இருபுறமும் வரிசையாக இருக்கின்றன. இந்தப் பயணத்தில் கணக்குப் பார்க்காமல் செலவழித்த ஒரே இடம் இதுதான், அதற்காக ஒரு துளியும் வருத்தமில்லை. மூங்கில் தட்டில் சிறு சிறு சுருள்களாகச் சுற்றி அடுக்கிய ஊடோன், ஈரம் மின்ன, லேசாக ஒளி ஊடுருவும் வெண்மையில் வந்தது. கோதுமை மாவும் உப்பும் தண்ணீரும் மட்டுமே சேர்ந்த ஒன்று பல்லுக்கு இப்படி ஈடுகொடுக்கும் என்று எவரும் எனக்குச் சொன்னதில்லை. கடித்தால் அறுபடுவதற்கு முன் ஒரு கணம் எதிர்த்து நிற்கிறது. எள்ளை அரைத்துக் கலந்த குளிர்ந்த சாற்றில் தோய்த்து உறிஞ்சினால், முதலில் எள்ளின் மணம், அதன் பின்னே மாவின் இனிப்பு. கூட வந்த மைத்தாகே காளான் டெம்புரா, அதாவது மாவில் தோய்த்துப் பொரித்தது, விசிறி அளவுக்கு இருந்தது. உப்பைத் தொட்டுக் கடித்தபோது எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து மேசைப் பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொட்டுக்கொள்ளும் சாறுகளில் பெரும்பாலும் மீன் சாரம் இருக்கும், கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

இகாஹோவின் 365 கற்படிகளையும் வெந்நீர் ஊற்றுகளையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் படியேறும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, ஏரிக்குப் போகும் பேருந்தில் ஏறினேன், கையில் பாதி தண்ணீர் நிரப்பிய காகிதக் குவளையோடு. ஆம், அதற்காகவேதான். ஓட்டுநருக்குப் பின் மூன்றாவது இருக்கை. முதல் இரண்டு வளைவுகள்வரை மானம் காப்பாற்றப்பட்டது. கதையில் தலைவிதியைத் தீர்மானிக்கும் அந்த ஐந்து தொடர் கொண்டை ஊசி வளைவுகள் வந்தபோதுதான் விஷயம் கெட்டது. அங்கே சாலையின் குறுக்கே, வேகமாக வருபவர்களை அடக்குவதற்காகவே, வரிசையாக மேடுகள் எழுப்பியிருக்கிறார்கள். பேருந்து தடதடவென்று அவற்றில் ஏறி, உடனே பெரிய உடலைத் திருப்ப, குவளை என் மடியில் கவிழ்ந்தது. பேருந்து அப்போது மிதிவண்டி வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நனைந்த கால்சட்டையோடு ஆயிரம் மீட்டர் உயரத்தில் இறங்குவது என்ன அனுபவம் என்று விளக்க விரும்பவில்லை.

மேலே போனதும் சாலை திடீரென்று சாந்தமாகிவிடுகிறது. ஹருனா-ஃபுஜி என்ற கூம்புக் குன்றின் அடியில் நேர்கோடாகப் போகும் அந்தச் சமவெளிச் சாலையில் தாரில் குறுக்குக் கோடுகள் வெட்டி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரங்களின் உராய்வே ஏரியைப் பற்றிய ஒரு சிறுவர் பாட்டை இசைக்கும்படி செய்திருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டினால் ராகம் கெடும். ஜப்பானின் மிகப் பெயர் பெற்ற பந்தயச் சாலை, வேக வரம்பை மதிப்பவருக்கு மட்டுமே பாடுகிறது. இந்தக் குறும்பு யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு என் வணக்கம். ஏரி அழகாக இருந்தது, இலைகள் சிவந்திருந்தன, ரோப் காருக்குக் காசு செலவழிக்கவில்லை. அங்கே செய்ததெல்லாம், தகுமி டோஃபு இறக்கும் ஓட்டல் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொண்டு கரையில் நடந்ததும், தவறான அட்டவணையை நம்பியதும்தான்.

டாக்ஸி ஓட்டுநருக்கு எழுபது வயது இருக்கும். வெள்ளைக் கையுறை, மடிப்புக் கலையாத சட்டை. மீட்டர் ஓட ஆரம்பித்ததும் என் மனமும் கூடவே ஓட ஆரம்பித்தது. குளிருக்காக வாங்கியிருந்த சூடான கிரீன் டீ டப்பாவிலிருந்து, ஈரமான அதே குவளையில், இந்த முறை முக்கால் பங்கு ஊற்றிக்கொண்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “ஹாச்சிரோகு தேஸ் கா, ஒக்யாகுசான்?” என்றார். எட்டு-ஆறா, ஐயா? நான் தலையை ஆட்டினேன். அவர் சிரிக்கவில்லை, இருக்கையில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் ஓட்டியதைத்தான் நான் சொல்லியாக வேண்டும். வேகமே இல்லை. வளைவு கண்ணில் படுவதற்கு வெகு முன்பே பிரேக்கை மெல்ல அழுத்தி, வளைவுக்குள் நுழையும்போது காலைத் துளித்துளியாக விட்டு, ஸ்டீயரிங்கை ஒரே இழுப்பாகத் திருப்பி, அதே அளவு மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்தார். பிரேக் விட்ட இடமும் ஆக்ஸிலேட்டர் தொட்ட இடமும் எங்கே என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தேநீர் குவளையின் ஒரு பக்கம் ஏறும். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்று, தயங்கி, மறுபக்கம் போகும். தகுமியின் திறமை சறுக்கவிடும் டிரிஃப்டில் இருப்பதாக இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். இளமையில் இத்தகைய மலைச்சாலைகளில் ஓட்டிப் பழகி, பின்னாளில் பந்தய வீரராகித் தொடருக்கும் ஆலோசகராக இருந்த ட்சுச்சியா கெய்இச்சி போன்றவர்கள் எடையை இடம் மாற்றுவது பற்றி ஏன் ஓயாமல் பேசுகிறார்கள் என்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு டாக்ஸியின் பின்னிருக்கையில் புரிந்தது. கார் முன்னால் சாய்வதையும் பக்கவாட்டில் சாய்வதையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துவிட்டார்.

ஐந்து வளைவுகளுக்கும் இடையில் ஓரிடத்தில், நான் கேட்காமலே வண்டியை ஓரங்கட்டி, கையுறை விரலால் சாலையின் உள்விளிம்பைக் காட்டினார். கான்கிரீட் கால்வாய். தகுமி உள்பக்கச் சக்கரங்களை இறக்கி, தண்டவாளத்தில் ஓடுவது போல வெளியே வீசப்படாமல் திரும்பும் அந்தக் கால்வாய். இறங்கிப் போய்ப் பார்த்தேன். என் செருப்புக் காலை அதற்குள் வைத்தேன். இரு பக்கமும் சிறிதுதான் இடைவெளி, அடியில் ஈர இலைகள் மக்கிக் கிடந்தன. இதில் சக்கரத்தை இறக்குவது கதையில் மட்டுமே நடக்க வேண்டிய காரியம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. திரும்பி வந்தபோது மீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். மனிதர் ரசிகர்தான், ஆனால் தொழில் தொழில்தான்.

இகாஹோ பேருந்து நிலையத்தில் இறங்கியபோது கட்டணம் 5,000 யென்னைத் தாண்டியிருந்தது. ஷின்கான்செனில் ஏறாமல் மிச்சம் பிடித்தது அத்தனையும் போய், அதற்கு மேலும் போயிற்று. நோட்டுகளை எண்ணித் தட்டில் வைத்தேன். அவர் சில்லறையைத் தரும் முன் பின்னால் திரும்பி, என் கையைப் பார்த்தார். குவளையை நீட்டிக் காட்டினேன். உட்புறம் ஈரக்கோடு விளிம்பைத் தொடவில்லை. ஒருமுறை தலையசைத்துவிட்டுச் சில்லறையைக் காசு காசாக எண்ணிக் கொடுத்தார். ஆறிப்போன தேநீரை அங்கேயே நின்று குடித்தேன்.

போகிறவர்களுக்கு: நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும். வார நாளில் போனால் வார நாளுக்கான பத்தியைப் படியுங்கள்.