வால்வு சுற்றியது, தண்ணீர் நிற்கவில்லை

கீசருக்குப் போகும் ஆங்கிள் காக், அதாவது சுவரில் மாட்டியிருக்கும் சின்ன வால்வு, இரண்டு நாளாக லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஸ்பேனரைப் போட்டு அரைச் சுற்று கூடுதலாக இறுக்கினேன். கசிவு நின்றது, நிம்மதியாகப் படுத்தேன். இரவு 1.30 மணிக்குப் படாரென்று சத்தம். காக் தரையில் கிடக்கிறது, அதன் மரைப்பகுதி மட்டும் சுவருக்குள்ளேயே ஒடிந்து நிற்கிறது, அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் எதிர்ச்சுவர் வரை பீய்ச்சியடிக்கிறது. கசிகிற காக்கை இறுக்கிப் பார்க்காதீர்கள். கழற்றி, டெஃப்லான் டேப் புதிதாகச் சுற்றித்தான் மாட்ட வேண்டும்.

தண்ணீர் ஹாலுக்குள் இறங்கி, கால் உயரத்தில் இருக்கும் பிளக் போர்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ஈரத்தில் கால் வைக்காமல் சுற்றிப் போய் மெயினை அணைத்தேன். அன்றிரவு நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

அடுத்து மாடி. டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் கேட் வால்வு இருக்கிறது, மூடினால் தீர்ந்தது என்றுதான் ஓடினேன். சுற்றினேன், சுற்றினேன், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே அம்மா, "இன்னும் நிக்கலடா!" என்று கத்துகிறார். இந்த வகை வால்வுக்குள் ஒரு தகடு இறங்கித்தான் தண்ணீரை அடைக்கும். வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் உப்புப் படிந்து தகடு இறுகிவிடும். அவசரத்தில் பலமாகத் திருகினால் தண்டு தகட்டை விட்டுக் கழன்றுகொள்ளும். வெளியே கைப்பிடி சுற்றும், உள்ளே ஒன்றும் அசையாது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அதை ஒருமுறைகூட நான் திருகிப் பார்த்ததில்லை.

அம்மாதான் காப்பாற்றினார். பழைய துணியைக் கெட்டியாக உருட்டி ஓட்டையில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டு நின்றார். டேங்க் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம்தான். எங்கள் வீட்டு உயரத்துக்கு அதிலும் குறைவு. அரை இஞ்ச் ஓட்டையைக் கையால் தாக்குப்பிடிக்க முடிகிறது. மற்ற குழாய்களை எல்லாம் திறந்துவிட்டதும் வேகம் இன்னும் தணிந்தது.

நான் டேங்க் மூடியைத் திறந்து, துணிப்பந்து ஒன்றை பாலிதீன் பைக்குள் போட்டுக் கயிறு கட்டி, உள்ளேயிருந்து வெளியேறும் வாயில் வைத்தேன். தண்ணீரே அதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. பந்து ஓட்டையைவிட நன்றாகப் பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பைப்புக்குள் போய்விடும். கயிறு கட்ட மறக்காதீர்கள்; திரும்ப இழுக்க வேறு வழியில்லை. மணி 2.15. அம்மாவின் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

முதலில் கூப்பிட்ட பிளம்பர் "அரை மணியில் வருகிறேன்" என்றார், அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. காலையில் வேறொருவர் வந்தார். ஒடிந்த மரைத்துண்டை ஹேக்சா பிளேடால் உள்ளிருந்து இரண்டு இடத்தில் மெல்லக் கீறி, உள்பக்கமாக மடக்கி எடுத்துவிடலாம். அவர் உளியை வைத்துத் தட்டினார். சுவருக்குள் பைப்பை வளைத்து இணைக்கும் எல்போ விரிந்தது, இரண்டு டைல்ஸும் போனது. தட்டும் முன்பே நான் தடுத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

எல்போ வாங்க என்னை அனுப்பினார். "அரை இஞ்ச்" என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தேன். பைப் அதற்குள் தொளதொளவென்று ஆடியது. எங்கள் பைப் வெந்நீருக்கான சிபிவிசி, வெளிவிட்டம் 15.9 மி.மீ. கடைக்காரர் கொடுத்தது குளிர்ந்த தண்ணீருக்கான யுபிவிசி எல்போ, அது 21.3 மி.மீ. பைப்புக்கானது. இரண்டுக்கும் பெயர் அரை இஞ்ச்தான்! அடுத்த முறை வெட்டிய பைப் துண்டையே கையில் எடுத்துப் போனேன்.

பைப் ஒட்டும் பசையான சொல்யூஷன் போட்டு ஒட்டிய பத்தாவது நிமிஷம் அவர் தண்ணீரைத் திறக்கப் போனார். இந்த முறை விடவில்லை. டப்பாவில் போட்டிருந்த நேரத்தைக் காட்டி, அது முடியும்வரை டேங்க் கயிற்றில் யாரும் கை வைக்கக் கூடாது என்று நின்றுவிட்டேன். திறந்த பிறகு இணைப்பில் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரமில்லை.

அன்றே கேட் வால்வை எடுத்துவிட்டு பால் வால்வு போட வைத்தேன். கால் சுற்றுத்தான்: கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். நேற்று ராத்திரி அம்மாவை மாடிக்குக் கூட்டிப்போய், டார்ச் இல்லாமல் தடவியே மூடிப் பார்க்கச் சொன்னேன். ஒரே கையால் மூடிவிட்டார்.