சாட்சி மரங்கள்

இரண்டு நாட்களாக அமெரிக்காவின் பழைய நில அளவைக் குறிப்புகளில் மூழ்கிக் கிடக்கிறேன். 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக்கி, ஒவ்வொன்றையும் 36 பகுதிகளாகப் பிரித்தார்கள். 16ஆம் பகுதி பள்ளிக்கூடத்துக்கு. அளவுகோல், 100 கண்ணிகள் கொண்ட 66 அடிச் சங்கிலி. 80 சங்கிலி போட்டால் ஒரு மைல். சதுப்பிலும் புதரிலும் அதை இழுத்துக்கொண்டே நடந்திருக்கிறார்கள்!

மூலையில் கம்பம் நட்டதோடு விடவில்லை. பக்கத்து மரத்தின் பட்டையைச் செதுக்கி அடையாளமிட்டு, அது ஓக்கா, பீச்சா, எத்தனை அங்குலத் தடிமன், எந்தத் திசையில் எத்தனை கண்ணி தூரம் என்று எழுதினார்கள். கம்பம் மக்கினாலும் மரம் சாட்சி சொல்லும். அழிந்த காடுகளில் என்னென்ன மரங்கள் நின்றன என்று சூழலியலாளர்கள் இன்று கண்டறிவது இந்தக் குறிப்புகளை வைத்துத்தான்.

பூர்வகுடிகளின் பாதைகளும் சில ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அந்த நிலம் அளக்கப்பட்டதோ பிறருக்கு விற்பதற்காக. அந்த இடத்தில் மனம் கனத்துப்போகிறது.