போர்க்காலத்தில் ஒலித்த ஆர்கன்

சாண்டி மக்ஃபர்சனைப் பற்றிச் சில நாள்களாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1897-இல் கனடாவில் பிறந்த இவர், லண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் எம்பயர் திரையரங்கில் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலியெழுப்பும், விசைப்பலகைகள் கொண்ட பெரிய இசைக்கருவி) வாசித்துப் புகழ்பெற்று, 1938-இல் ரெஜினால்ட் ஃபோர்ட்டுக்குப் பின் பிபிசியின் திரையரங்க ஆர்கன் கலைஞரானார்.

மறு ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. பிபிசியின் வானொலி அலைவரிசைகள் ஒரே சேவையாகச் சுருக்கப்பட்டு, கலைஞர்கள் லண்டனை விட்டு அனுப்பப்பட்ட அந்த முதல் நாள்களில், செய்திகளுக்கும் இசைத்தட்டுகளுக்கும் இடையே இருந்த நீண்ட வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு பெரும்பாலும் இந்த ஒருவரிடமே வந்து சேர்ந்தது. கைகள் விசைப்பலகைகளுக்கு இடையே தாவ, கால்கள் மிதிகட்டைகளில் கீழ்ச்சுரங்களைத் தேட, வாசித்து முடித்த மூச்சோடு ஒலிவாங்கியில் பேசுவதென்பது எத்தகைய உழைப்பு! அவர் வாசித்த, காம்ப்டன் நிறுவனம் உருவாக்கிய ஆர்கன் பின்னர் குண்டுவீச்சில் அழிந்தது. அதற்குப் பதிலாக, ஃபோர்ட் ஊர் ஊராகக் கொண்டுசென்ற பெரிய ஆர்கனை பிபிசி பெற்றுக்கொண்டது.

எனினும், அவருடைய வாசிப்பைவிட அவருடைய பேச்சையே நான் உயர்வாக மதிக்கிறேன். தொலைதூரத்தில் இருந்த வீரர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் இடையே செய்திகளை வாசித்துச் சொல்லி, அவர்கள் விரும்பிக் கேட்ட பாடல்களை இசைத்தார். பெயர் சொல்லி அழைக்கப்பட்ட அந்த ஒரு கணத்திற்காக எத்தனை வீடுகள் வானொலியின் அருகே காத்திருந்திருக்கும் என்று எண்ணும்போது என் நெஞ்சம் நெகிழ்கிறது.