காத்தைக் கழிச்சிட்டா கிரிக்கெட் பால் எங்க போய் விழும்?

பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ்ல எறிபொருள் இயக்கம் ஆரம்பிக்கும்போதே ஒரு வரி வரும், காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்னு. எல்லாரும் அதைப் படிச்சிட்டுத் தாண்டிப் போயிடுவோம், ஏதோ சில்லறைக் கணக்கை விட்டுடச் சொல்றாங்கன்னு நினைச்சு. ஆனா ஃபாஸ்ட் பௌலர் 144 கிலோமீட்டர் வேகத்துல போடுற பால் மேல காத்து குடுக்கிற தள்ளு, அந்தப் பாலோட எடையை விடவே அதிகம். புவியீர்ப்பை வச்சு முழு சாப்டர் எழுதிட்டு அதை விடப் பெரிய விசையை ஒரே வரில தூக்கிப் போட்டுடறோம், இதைப் பத்தி எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா இருந்துச்சு.

கணக்கு இதுதான். காத்துத்தடை விசைக்கு அரை பெருக்கல் காத்தோட அடர்த்தி, பெருக்கல் டிராக் கோயஃபிஷியன்ட் (பொருளோட வடிவத்தைப் பொறுத்த ஒரு தடை எண்), பெருக்கல் குறுக்குப் பரப்பு, பெருக்கல் வேகத்தோட வர்க்கம். கிரிக்கெட் பால் சுமார் 160 கிராம், விட்டம் 7.2 சென்டிமீட்டர் கிட்ட, அப்போ குறுக்குப் பரப்பு 0.0041 சதுர மீட்டர். நம்ம சென்னை வெயில்ல, 30 டிகிரில, ஒரு கன மீட்டர் காத்து 1.15 கிலோ இருக்கும். டிராக் கோயஃபிஷியன்டை 0.5-ன்னு வச்சுக்கலாம், உருண்டையான பொருளுக்கு இந்த வேகத்துல அது நியாயமான எண். 144 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 40 மீட்டர். எல்லாத்தையும் பெருக்கினா 1.9 நியூட்டன் வருது. பாலோட எடை 1.57 நியூட்டன். அவ்வளவுதான், முடிஞ்சுது. பௌலர் கையை விட்ட பால் பிட்ச் ஆகறதுக்குள்ளயே மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல வேகத்தை இழந்துடுது.

இன்னொரு விதமாவும் பார்க்கலாம். அதே பாலை ரொம்ப உயரத்துலேர்ந்து சும்மா விட்டா, வேகம் ஏற ஏறத் தடையும் ஏறி, ஒரு கட்டத்துல தடையும் எடையும் சமமாகி அதுக்கு மேல வேகம் ஏறாது. பாடப்புத்தகத்துல அதை முற்றுத்திசைவேகம்னு போட்டிருப்பாங்க. கிரிக்கெட் பாலுக்கு அது மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர். அதாவது எந்தக் கட்டட உச்சிலேர்ந்து போட்டாலும் தானா எட்ட முடியாத வேகத்துல ஒரு பௌலர் அதை கையால அனுப்பறார். எனக்கு இதை யோசிக்கிறப்போ எல்லாம் சிலிர்க்கும்.

அக்கா பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், வேளச்சேரில இருக்காங்க, ஞாயித்துக்கிழமை வந்தா நோட்டைத் தூக்கிட்டு வந்துடுவான். "சித்தி, நாப்பத்தஞ்சு டிகிரில அடிச்சாதானே அதிக தூரம் போகும், அப்புறம் ஏன் மேட்ச்ல சிக்ஸ் எல்லாம் வேற மாதிரி போகுது"ன்னு கேட்டான். நல்ல கேள்விடா, வா லேப்டாப்பை எடுன்னு ரெண்டு பேரும் ஸ்ப்ரெட்ஷீட்ல உக்காந்துட்டோம். செகண்டுக்கு 35 மீட்டர் வேகத்துல, நாப்பத்தஞ்சு டிகிரில ஒரு பாலை அடிச்சா என்ன ஆகும்ங்கறதுதான் கேள்வி.

காத்து இல்லைன்னா ஃபார்முலா நேரா சொல்லிடும், 125 மீட்டர் தூரம், உச்சி 31 மீட்டர், அஞ்சு செகண்டுக்குக் கொஞ்சம் மேல காத்துல இருக்கும். காத்தைச் சேர்த்தா தூரம் சுமார் 76 மீட்டர்தான், உச்சி 23 மீட்டர், நேரம் 4.3 செகண்ட். நாப்பது சதவீதம் தூரம் காலி! பவுண்டரி கோடு அதிகபட்சம் 90 கஜம், அதாவது 82 மீட்டர் சொச்சம் இருக்கலாம்னு விதி, ஸோ காத்து இல்லாத உலகத்துல ஸ்டேண்டோட மேல் அடுக்குல போய் விழற அதே அடி, காத்து இருக்கிற சேப்பாக்கத்துல கயிறைப் பெருசா இழுத்து வச்சா லாங் ஆன்ல கேட்ச்.

தூரத்தை விட அவனைப் பிடிச்சது அந்தக் கோட்டோட ஷேப். காத்து இல்லாதப்போ வர்ற பரவளையம்னா உச்சிக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். இதுல பால் 42 மீட்டர் முன்னாடி போய்தான் உச்சியைத் தொடுது, அதுக்கப்புறம் 34 மீட்டர்லயே தரைக்கு வந்துடுது. நாப்பத்தஞ்சு டிகிரில கிளம்பினது ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு டிகிரில செங்குத்தா இறங்குது. 35 மீட்டர் வேகத்துல போனது 23 மீட்டர் வேகத்துலதான் வந்து விழுது. இறங்கற நேரம் ஏறின நேரத்தை விட அதிகம், ஏன்னா ஏறும்போது தடையும் எடையும் சேர்ந்து கீழ இழுக்குது, இறங்கும்போது தடை எடைக்கு எதிரா மேல தள்ளுது. பவுண்டரில நிக்கிற ஃபீல்டர் தலைக்கு மேல பார்த்துக்கிட்டே முன்னாடி ஓடி வர்றாரே, அதுக்குக் காரணம் இந்த செங்குத்து இறக்கம்தான். அப்புறம் நாப்பத்தஞ்சு டிகிரியும் பெஸ்ட் இல்ல. நாப்பதுக்கும் நாப்பத்தஞ்சுக்கும் நடுவுல கொஞ்சம் தாழ்வா அடிச்சா இன்னும் தூரம் போகும், மேல அதிக நேரம் சுத்தினா காத்து அதிக நேரம் தின்னும்ங்கறதால.

சரி இதுக்கு ஏன் பாடத்துல ஃபார்முலா குடுக்க மாட்டேங்கறாங்க? ஏன்னா குடுக்கறதுக்கு ஒண்ணு இல்ல. காத்து இல்லாதப்போ கிடை திசை தனி, செங்குத்து திசை தனி, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கண்டுக்காது, அதனாலதான் கணக்கு அவ்வளவு ஈஸி. தடை வேகத்துக்கு நேர் விகிதத்துல இருந்தாலும் பிரச்சனை இல்ல, தனித்தனியா போட்டுடலாம், எக்ஸ்பொனென்ஷியல் வரும், நியூட்டன் 1687-லயே அதைப் போட்டுட்டார். ஆனா வேகத்தோட வர்க்கம்னு வந்ததும் முடிச்சு விழுந்துடுது. கிடை திசைல இருக்கிற தடையைக் கண்டுபிடிக்க மொத்த வேகம் வேணும், மொத்த வேகம்ங்கறது ரெண்டு திசை வேகத்தோட வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம், ஸோ கிடைக் கணக்குக்குள்ள செங்குத்து வந்து உக்காந்துக்குது, செங்குத்துக்குள்ள கிடை. நேரா மேல போட்டாலோ நேரா கீழ விட்டாலோ மட்டும் ஒரே திசைங்கறதால முழு விடை கிடைக்கும். சாய்வா எறிஞ்சா தூரத்தையும் உயரத்தையும் நேரத்தோட நேரடியா சொல்ற ஒரு எளிய சமன்பாடு கிடையாது.

2012-ல ஒரு செய்தி உலகம் பூரா ஓடிச்சே ஞாபகம் இருக்கா, ஜெர்மனில இருக்கிற இந்திய வம்சாவளி ஸ்கூல் பையன் முன்னூறு வருஷத்துக்கு மேல யாராலயும் தீர்க்க முடியாத நியூட்டன் புதிரைத் தீர்த்துட்டான்னு. இன்னும் அது அப்பப்போ ஃபார்வேர்டா குடும்ப குரூப்புக்கு வருது. அந்தப் பையன் பண்ணது அந்த வயசுக்கு நிஜமாவே பெரிய வேலை, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா தலைப்பு தப்பு. பால் பறக்கிற நேரம் பூரா கிடை வேகத்துக்கும் செங்குத்து வேகத்துக்கும் நடுவுல மாறாம இருக்கிற ஒரு உறவு இருக்கு, அதைத்தான் அவன் எழுதினான், அந்த வழி 18-ம் நூற்றாண்டுலேர்ந்தே தெரிஞ்சதுன்னு டிரெஸ்டன் கணித பேராசிரியர்கள் அப்பவே விளக்கி எழுதினாங்க. 1718-ல ஜான் கீல்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் இதையே சவாலா விட, ஸ்விட்சர்லாந்துக்காரரான ஜோஹான் பெர்னூலி 1719-ல தடை வேகத்தோட எந்த அடுக்கா இருந்தாலும் செல்லுபடியாகற மாதிரி விடை குடுத்தார். அந்த உறவு கையில இருந்தாலும் பால் எங்க இருக்குன்னு சொல்ல இன்னும் ஒரு தொகையீடு (இன்டெக்ரல்) பாக்கி இருக்கு, அதை எண் எண்ணா கூட்டித்தான் எடுக்கணும்.

அதுக்கு முன்னாடி நடந்ததும் சுவாரஸ்யம். 1537-ல தார்த்தாலியாங்கற இத்தாலிக்காரர் பீரங்கிக் குண்டோட பாதையை வரைஞ்சப்போ, சாய்வா ஒரு நேர்கோடு, நடுவுல சின்ன வளைவு, கடைசில செங்குத்தா ஒரு விழுகைன்னு போட்டார். கலிலியோ 1638-ல பரவளையம்னு காட்டினதும் அது வெறும் அறியாமைன்னு ஆயிடுச்சு. ஆனா பேட்மின்டன் ஷட்டிலை உசரமா அடிச்சுப் பாருங்க, அப்படியே தார்த்தாலியா போட்ட படம்தான் வரும். 1742-ல பெஞ்சமின் ராபின்ஸ்ங்கற ஆங்கிலேயர் ஊசல் கட்டி அதுல குண்டை சுட்டு வேகத்தை அளந்தப்போதான், தடை யாரும் நினைச்சதை விட எவ்வளவு பெருசுன்னு அளவோட தெரிய வந்துச்சு. அவரோட புத்தகத்தை கணித மேதை ஆய்லர் 1745-ல ஜெர்மன்ல கொண்டு வந்தார்.

ஷட்டில் இதுக்கு உச்சம். வெறும் அஞ்சு கிராம், முற்றுத்திசைவேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் கூட இல்ல. 2023-ல சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடிச்ச கின்னஸ் ஸ்மாஷ் 565 கிலோமீட்டர், அதாவது இருபது மடங்குக்கு மேல. வர்க்கம் போட்டா மட்டையை விட்டுக் கிளம்பின அந்த நொடில தடை எடையைப் போல ஐந்நூறு மடங்கு. எதிர்ப்பக்கம் ஷாட் புட்: 7.26 கிலோ இரும்புக் குண்டு, செகண்டுக்கு 14 மீட்டர், தடை எடைல ஒரு சதவீதம் கூட வராது. அங்க புறக்கணிக்கவும்னு போட்டா நூத்துக்கு நூறு நியாயம். பொருள் பெருசாக ஆகப் பரப்பு வர்க்கமா ஏறுது, எடை மூணாம் அடுக்கா ஏறுது, அதான் வித்தியாசம்.

மெரினால, பெசன்ட் நகர்ல டென்னிஸ் பால்ல ஆடுறவங்களுக்கு இது உடம்புலயே தெரியும். 58 கிராம் பால், கிட்டத்தட்ட அதே சைஸ், முற்றுத்திசைவேகம் 80 கிலோமீட்டர் பக்கம். எவ்வளவு பலமா சுத்தினாலும் பாதில செத்து விழும். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து ஆரம்பிச்சுட்டா கடல் பக்கம் அடிக்கிறவன் கதி இன்னும் மோசம், ஏன்னா ஃபார்முலால வர்ற வேகம் தரையைப் பொறுத்தது இல்ல, காத்தைப் பொறுத்தது. 20 மீட்டர் வேகத்துல போற பாலுக்கு எதிர்ல 5 மீட்டர் காத்து வந்தா தடை ஒண்ணரை மடங்குக்கும் மேல ஆயிடும். அப்புறம் புழுக்கமான நாள்ல காத்து கனமா இருக்கு, அதான் பால் போகலன்னு சொல்றது நம்ம ஊர்ல சகஜம், அது சரியில்ல. தண்ணி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் ரெண்டை விடவும் லேசு, ஈரக்காத்து ஒரு சதவீதம் கிட்ட லேசாதான் இருக்கும். பெங்களூரு மேட்டுல காத்தோட அடர்த்தி ஏழெட்டு சதவீதம் குறையும், நம்ம கணக்குல அதே அடி ரெண்டு மூணு மீட்டர் கூடப் போகும். ஸ்பின், சீம், ஸ்விங் எல்லாம் இதுல சேர்க்கல, அது தனிக் கதை.

ஸ்ப்ரெட்ஷீட் போடணும்னா வேலை ரொம்ப சிம்பிள். நேரம், தூரம், உயரம், கிடை வேகம், செங்குத்து வேகம், மொத்த வேகம்னு ஆறு நெடுவரிசை. முதல் ரோல ஆரம்ப எண்கள். அடுத்த ரோல, மேல் ரோவோட மொத்த வேகத்தை கிடை வேகத்தால பெருக்கி 0.0074-ஆலயும் பெருக்கினா கிடை வேகம் செகண்டுக்குக் குறையற அளவு வரும் (அந்த எண் கிரிக்கெட் பாலுக்கு, அரை அடர்த்தி மாதிரி எல்லாத்தையும் பெருக்கி நிறையால வகுத்தது), செங்குத்துக்கு அதே மாதிரி பண்ணி அதோட 9.8-ஐயும் கூட்டணும். இதை 0.01 செகண்டால பெருக்கி வேகத்துலேர்ந்து கழிச்சு, வேகத்தை 0.01-ஆல பெருக்கி இடத்துல சேர்த்து, கீழ இழுத்து விடுங்க. 430 சொச்சம் ரோல உயரம் மைனஸ் ஆகும், பால் தரைக்கு வந்தாச்சு. அமெரிக்க ராணுவம் எனியாக் கம்ப்யூட்டரைக் கட்டச் சொன்னது இதே வேலைக்குத்தான், பீரங்கிக்கு அட்டவணை போட, அது 1946-ல வெளி உலகத்துக்கு வந்துச்சு. இன்னிக்கு அது ஒரு பிளஸ் ஒன் பையன் போன்லயே ஓடுது, அதனால ஒரே ஒரு கணக்காவது பாடத்துல இப்படிக் குடுங்கன்னு நான் எந்த டீச்சரைப் பார்த்தாலும் சொல்லிட்டு இருக்கேன். அந்த 0.0074-ஐ 0.02-ன்னு மாத்தினா டென்னிஸ் பால். அக்கா பையன் அதை மாத்திட்டு, இப்போ கோணத்தை ஒவ்வொரு டிகிரியா குறைச்சு எதுல அதிக தூரம்னு தேடிட்டு இருக்கான்.