மேஜைக்கு எதிரே எந்த மலையை மாட்டுவது?

நகரத்தில் ஓர் உணவகம் திறக்கிறவர்களுக்குக் கடைசியாக நினைவுக்கு வருவது சுவரில் மாட்டும் படம்தான். தரைக்கல், நாற்காலி, விளக்கு, பெயர்ப்பலகை எல்லாம் முடிந்து திறப்பு விழாவுக்குத் தேதியும் குறித்தபிறகு யாராவது ஒருவர் "சுவர் மொட்டையா இருக்கே" என்பார். உடனே போனை எடுத்து, இயற்கைக் காட்சி என்று தேடி, ஒரு பனிமலை, கீழே ஏரி, ஏரியில் அந்த மலை தலைகீழாக, ஓரத்தில் ஒரு மரப்பாலம் என்று ஒன்றைப் பிடித்து ஆர்டர் போட்டு மாட்டிவிடுவார்கள். அப்புறம் அந்தப் படத்தை ஒருவரும் பார்க்க மாட்டார்கள், மாட்டியவர் உட்பட.

உள் அலங்காரம் என் தொழில். இந்த மாதிரி நேரத்தில் என்னைக் கூப்பிட்டால், படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலிகளில் உட்கார்ந்து பார்ப்பேன், அதுவும் எல்லா நாற்காலியிலும், சாயங்காலம் விளக்கு போட்டபிறகு. முதலாளிகளுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஆனால் உணவகத்துப் படம் நின்று பார்த்துவிட்டு நகர்கிற படம் இல்லை, அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழிக்கிறார்கள். யார் எங்கே உட்கார்ந்து, எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில், யாருடைய தலைக்கு மேலாக அதைப் பார்க்கப் போகிறார் என்று தெரியாமல் மலையா கடலா என்று விவாதித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமே கிடையாது.

உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலைக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்டுவது வழக்கம், நிற்கிறவரின் கண்மட்டம் ஏறக்குறைய அது. உட்கார்ந்தால் கண் 115, 120 செ.மீ.க்கு இறங்கிவிடும். (உயரமான ஸ்டூல் போட்ட கவுன்ட்டர் என்றால் மறுபடியும் நிற்கிறவரின் மட்டத்துக்கே வந்துவிடும், அது தனிக் கணக்கு.) நிலக்காட்சிக்கு இது ஏன் முக்கியம் என்றால் அதில் தொடுவானம் என்று ஒரு கோடு இருக்கிறது. வரைந்தவரோ கேமரா பிடித்தவரோ எந்த உயரத்திலிருந்து பார்த்தாரோ அந்த உயரம்தான் படத்தில் தொடுவானமாக விழும். அந்தக் கோடும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தால் சுவரில் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். கோடு தலைக்கு ரொம்ப மேலே போய்விட்டால் வயல் முழுக்க நம் மேல் சரிவதுபோல் ஒரு சின்ன சங்கடம், ஏன் என்று சொல்லத் தெரியாது.

சுவர் முழுக்க ஒட்டுகிற வால்பேப்பர் என்றால் தொடுவானத்தை 120 செ.மீ.யில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். பிரேம் போட்ட படத்துக்குத்தான் தொல்லை. சுவரை ஒட்டி நீளமான சோபா போட்டிருப்பார்கள்; அதில் உட்காருகிறவரின் உச்சந்தலை 130 செ.மீ. வரை வரும், ஆகவே படத்தின் கீழ்விளிம்பே 140-க்கு மேல்தான் தொடங்க முடியும், இல்லாவிட்டால் தினமும் யாராவது இடித்துக்கொள்வார்கள், தலை எண்ணெய் வேறு கண்ணாடியில் படியும். இப்படி உயரத்தில்தான் மாட்டியாக வேண்டும் என்ற இடத்துக்கு, வானம் நிறையவும் நிலம் கொஞ்சமாகவும் இருக்கிற படத்தைத் தேடுங்கள். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். யாக்கோப் ஃபான் ரைஸ்டால் வரைந்த ஹார்லெம் நகரக் காட்சிகளில் மூன்றில் இரண்டு பங்கு மேகமும் வானமும்தான், ஊர் அடியில் ஒரு பட்டையாகக் கிடக்கும், தேவாலயம் மட்டும் கொஞ்சம் தலைதூக்கும். தொடுவானம் படத்தின் அடியிலேயே இருப்பதால் மேலே மாட்டினாலும் கண் ஒத்துக்கொள்கிறது.

இன்னொன்று, சோபாவுக்கு மேலே இருக்கிற படம் சோபாவில் உட்காருகிறவருக்கு இல்லை, எதிர் நாற்காலிக்காரருக்கு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசும்போது அந்தத் தலைக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். உச்சந்தலையிலிருந்து ஒரு கலங்கரை விளக்கம் முளைத்து நின்றால் பேச்சு ஓடாது.

சரி, எந்த இடத்தின் காட்சி? எனக்கு இதில் பிடித்த உதாரணம் பாரிஸில் இருக்கிறது. கார் து லியோன் ரயில் நிலையத்துக்குள் 1901-இல் திறந்த உணவகம் அது, இப்போது லெ த்ரேன் ப்ளூ என்று பெயர். சுவரும் கூரையுமாக 41 ஓவியங்கள், பொன்முலாம் பூசிய அலங்காரத்துக்கு நடுவே கொஞ்சம் திகட்டும் அளவுக்கு. ஆனால் படங்களைத் தேர்ந்தெடுத்த காரணம் படு எளிமை: பெரும்பாலானவை அந்த நிலையத்து ரயில்கள் போய்ச் சேர்ந்த ஊர்களும் மலைகளும் கடற்கரைகளும். சாப்பிட்டுவிட்டு எழுந்து நடைமேடைக்குப் போனால் சுவரில் பார்த்த இடத்துக்கே போகலாம். அந்தப் படங்களை எடுத்து வேறோர் உணவகத்தில் மாட்டினால் வெறும் அழகுதான் மிஞ்சும்.

எல்லோருக்கும் இப்படி ஒரு ரயில் நிலையம் அமையாது, தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி வைத்துக்கொள்ளலாம்: வாடிக்கையாளர் "இது எந்த இடம்?" என்று கேட்டால் பரிமாறுகிறவரால் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியுமா? முதலாளி பிறந்த ஊர் ஆறு, சமையற்காரர் தொழில் கற்ற கடலோரம், காய்கறி வருகிற மலைச்சரிவு, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. "நெட்ல எடுத்தது" என்பது பதில் இல்லை. அதே நகரத்தின் வானளாவிய கட்டடங்களை இரவில் எடுத்த போட்டோவை மட்டும் வேண்டாம் என்பேன். அந்த ஊர்க்காரர் அதையெல்லாம் கடந்து, நெரிசலில் மாட்டி, வண்டி நிறுத்த இடம் தேடி, இப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். மறுபடியும் அதையே காட்டுவானேன்.

திறந்த வெளியைப் பார்ப்பதற்கும் உடம்பு தளர்வதற்கும் தொடர்பு உண்டு என்பது சும்மா பேச்சு இல்லை. ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வீடு திரும்பியதைக் காட்டினார். அது நிஜ ஜன்னல், நிஜ மரம். படத்துக்கு அதே பலன் என்று நான் சொல்லவில்லை. ஜே ஆப்பிள்டன் என்ற புவியியலாளர் 1970-களில் இன்னொரு கருத்தைச் சொன்னார்: மனிதருக்குப் பிடிக்கிற இடம், தான் மறைவாக இருந்துகொண்டு தூரம்வரை பார்க்க முடிகிற இடம். எந்த உணவகத்திலும் முதலில் நிரம்புவது முதுகுப்பக்கம் சுவர் இருக்கிற மூலை மேஜைதானே. அறை நடுவில் அனாதையாக நிற்கும் மேஜைகளுக்குத்தான் இந்த 'தூரம்' தேவை, ஆகவே பெரிய படத்தை அவற்றின் பார்வையில் படுகிற சுவருக்கு ஒதுக்குங்கள்.

நிலத்துக்கும் மனநிலைக்கும் முடிச்சு போடுவது நமக்குப் புதிதில்லை. குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு. இதை அப்படியே உணவகத்துக்குப் பொருத்தினால் இருவர் மேஜைக்குக் குறிஞ்சி, ஆர்டர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு முல்லை, பில் கட்டுகிற இடத்தில் பாலை என்று வேடிக்கையாகப் போகும். வேடிக்கையை விட்டுவிட்டாலும் விஷயம் உண்மைதான். பாலைவன மணல்மேடு போட்டோவில் பிரமாதமாக இருக்கும், ஆனால் அதை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிட்டால் வாய் உலர்கிறது. புயல் கடல், இடிந்த கோட்டை, இலையுதிர்ந்து தனியாக நிற்கிற ஒற்றை மரம், இதெல்லாம் நல்ல ஓவியமாக இருக்கலாம், மேஜைத் துணை ஆகாது.

அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் கதையை இங்கே சொல்லலாம். நியூயார்க்கில் சீக்ராம் கட்டடத்து உணவகத்துக்காக 1958-இல் அவரிடம் பெரிய சுவரோவியங்கள் கேட்டார்கள். அவர் வரைந்தவை நிலக்காட்சிகள் இல்லை, கருஞ்சிவப்பும் பழுப்புமாகக் கனத்துக் கிடக்கிற வண்ணப் பரப்புகள். உணவகம் திறந்தபிறகு அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்தவர், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓவியங்களைத் தானே வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்பது பிற்பாடு லண்டன் டேட் கலைக்கூடத்துக்குப் போயின. அவர் செய்தது சரிதான் என்று நினைக்கிறேன். முழுக் கவனத்தையும் கேட்கிற படம் ஒரு ரகம், பேச்சு ஓய்கிற நேரத்தில் மட்டும் கண் போய்த் தங்கிவிட்டு வருகிற படம் வேறு ரகம், உணவகத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

தங்குவதற்குப் படத்துக்குள் காலியிடம் வேண்டும். தென் சோங் காலத்துச் சீன ஓவியர் மா யுவானுக்கு 'ஒற்றை மூலை மா' என்றே பட்டப்பெயர் உண்டு. பாறையும் மரமும் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும், மிச்சமெல்லாம் மூடுபனி. தட்டும் தம்ளரும் ஆட்களும் சத்தமும் நிறைந்த அறையில் அந்த மூடுபனிக்குத்தான் மதிப்பு. இலை இலையாக விவரம் அப்பிய காட்டைக் கொண்டுவந்து வைத்தால் இன்னும் பத்துப் பேர் உள்ளே நுழைந்ததுபோல் ஆகிவிடும்.

வெளிச்சம். உணவகங்களில் பெரும்பாலும் 2700 முதல் 3000 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வார்ம் விளக்குகள், அதாவது மஞ்சள் சாயல் கொண்டவை, அவற்றில் நீலம் குறைவு. கம்ப்யூட்டர் திரையில் ஜொலித்த நீலக்கடல் அந்த விளக்கில் சாம்பலாகத் தெரியும், பச்சை மலைக்கு மஞ்சள் பூத்துவிடும், அந்தி வானம் மட்டும் தேவைக்கு மேல் பழுக்கும். பிரின்ட் போடுகிறவரிடம் முழு அளவுக்கு முன்னால் ஏ4 அளவில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, அதே சுவரில், அதே விளக்கில் ஒட்டிப் பாருங்கள். விளக்கை மாற்ற முடியுமானால் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு 100 வரையான மதிப்பெண்) 90-க்கு மேல் இருப்பதாக வாங்குங்கள், படத்துக்கு மட்டுமில்லை, தட்டில் இருப்பதற்கும் நிறம் வரும். ஸ்பாட் லைட்டைச் செங்குத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் வைத்தால் கண்ணாடியில் பளபளப்பு குறையும், ஆனால் அதையும் உட்கார்ந்துதான் சரிபார்க்க வேண்டும், ஏணிமேல் நிற்கிற எலக்ட்ரீஷியனுக்கு எப்போதும் எல்லாம் சரியாகவே தெரியும்.

அளவில் என் பிடிவாதம்: பன்னிரண்டு சின்னப் படங்களுக்குப் பதில் ஒரே ஒரு பெரிய படம். தூரம் என்ற உணர்வு சின்ன அளவில் வராது. கையிலிருக்கும் போட்டோ தாங்குமா என்பதற்குக் கணக்கு சுலபம். 24 மெகாபிக்ஸல் கேமராப் படம் 6000-க்கு 4000 பிக்ஸல். அங்குலத்துக்கு 150 பிக்ஸல் என்று போட்டால் 40 அங்குல அகலம் வரும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற சுவர் என்றால் 100 போதும், 60 அங்குலம்வரை போகலாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அது வழியிலேயே சுருங்கிப்போயிருக்கும்.

சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படியும், அங்கே துடைக்க முடிகிற அலுமினிய பிரின்ட்டோ லேமினேட் செய்ததோ போதும். காகிதத்தில் வரைந்த நீர்வண்ண ஓவியத்தை நீராவிக்குப் பக்கத்தில் மாட்டுவது பாவம். வெயில் விழும் சுவருக்கு டை மையில் (கரைந்த சாயம்) அச்சிட்டதைவிடப் பிக்மென்ட் மையில் (நுண்ணிய நிறத்துகள்) அச்சிட்டது அதிக நாள் நிறம் தாங்கும். ஆட்களின் தலைக்கு மேலே கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக். ஒற்றை ஆணி வேண்டாம், இரண்டு கொக்கி போட்டால் படம் கோணாது.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கல்தரை, கண்ணாடி, வெறும் சுவர் என்று எல்லாமே கெட்டியாக இருக்கிற உணவகத்தில் பக்கத்து மேஜைப் பேச்சு நம் மேஜைக்கு வந்துவிடும், அதற்கு மேல் நாம் கத்துவோம், அதற்கு மேல் அவர்கள். கண்ணாடி போட்ட பெரிய படம் இதை இன்னும் கெடுக்கும். அதே நிலக்காட்சியைக் காற்று புகுகிற துணியில் அச்சிட்டு, பின்னால் 5 செ.மீ. கனத்துக்குக் கண்ணாடிக் கம்பளியோ பாலியஸ்டர் பலகையோ வைத்துச் செய்தால் பேச்சொலியில் நல்ல பங்கை அது விழுங்கிவிடும். மேலே பெயின்டோ வார்னிஷோ அடித்தால் துளைகள் அடைபட்டு அந்தப் பலன் போய்விடும். நெரிசலான இடத்தில் பெரிய சுவருக்கு என் முதல் யோசனை இப்போதெல்லாம் இதுதான்.

உரிமை விஷயம்: இணையத்தில் கிடைப்பதெல்லாம் இலவசம் இல்லை, ஓவியத்தையே விலைகொடுத்து வாங்கினாலும் அதை மெனு கார்டில் அச்சிடும் உரிமை பொதுவாகக் கூடவே வராது, எழுதி வாங்க வேண்டும். பழைய ஓவியம் போதும் என்றால் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும், 2017 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும், காப்புரிமை முடிந்த படங்களைத் தெளிவான பெரிய கோப்புகளாக யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கின்றன. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே போன் கவரிலும் டி-ஷர்ட்டிலும் நிறைந்திருக்கிறது. உயிரோடு இருக்கிற ஓவியரிடம் வாங்க முடிந்தால் அதற்கு நிகர் இல்லை, ஆனால் சாப்பிடுகிறவர் முகத்துக்கு நேரே விலைச்சீட்டுத் தொங்கவிடுகிற ஏற்பாட்டுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கழிப்பறைக்குப் போகும் நடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உணவகத்திலேயே ஆட்கள் நின்று படம் பார்க்கிற ஒரே இடம் அதுதான், வரிசையில் நிற்கும்போது வேறு வேலையும் இல்லை. மேஜைக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய புயல் கடலையும், இலை இலையாக விவரம் நிறைந்த காட்டையும் தாராளமாக அங்கே மாட்டலாம். நடுப்பகுதி 145 செ.மீ., நல்ல விளக்கு ஒன்று, கீழே ஓரமாக இடத்தின் பெயர்.