கழிவுநீர் ஓடும் பூங்கா

சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இடத்துக்கு ஜனங்கள் ஆசையாக வாக்கிங் போவார்கள் என்றால் நம்புவீர்களா? கலிபோர்னியாவின் வடகோடியில் ஆர்கேட்டா என்று ஒரு சின்ன ஊர், அங்கே போகிறார்கள். பைனாகுலரோடு பறவை பார்க்க வருகிறவர்களும் உண்டு.

1970களில் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே பெரிய நிலையம் கட்டத் திட்டம் வந்தது. செலவு அதிகம், எங்கள் வழியில் செய்து காட்டுகிறோம் என்று ஊர்க்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். சோதனை ஓட்டத்துக்குப் பின் 1986இல் சதுப்புநில முறை முழுதாக இயங்க ஆரம்பித்தது.

முதலில் வழக்கம்போல் குப்பையை வடிகட்டி, கசடைப் படியவிடுகிறார்கள். அப்புறம் பெரிய குளங்கள். வெயிலில் பாசி ஆக்சிஜன் விடும், அதை வைத்து பாக்டீரியா கழிவைத் தின்னும். ஆனால் அந்தப் பாசியே தண்ணீரோடு வெளியேறினால் அதுவும் அழுக்குதானே? அதற்குத்தான் கோரையும் சம்பும் அடர்ந்த சதுப்பு. அந்த நிழலில் வெயில் கிடைக்காமல் பாசி செத்து அடியில் படிந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நிழலையே வடிகட்டியாக்கியிருக்கிறார்கள்!

கிருமி நீக்கமும் உண்டு. ஏனென்றால் தண்ணீர் கடைசியில் சேரும் ஹம்போல்ட் விரிகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள். சிப்பியைப் பலர் பச்சையாகவே சாப்பிடுவார்கள், விளையாட்டில்லை.

இப்போதைய தலைவலி உயர்ந்துவரும் கடல் மட்டம். நிலையம் விரிகுடாவின் கரையிலேயே, வெறும் மண்கரைகளை நம்பி நிற்கிறது.