மொரிசியஸில் சேகா கேட்க ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போங்கள்

சேகா என்பது மொரிசியஸின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த கலை. ஓட்டல்களில் ராத்திரி சாப்பாட்டோடு நடக்கும் சேகா ஆட்டம் கண்ணுக்கு அழகுதான். பூப்போட்ட பாவாடை சுழலும், கீபோர்டு ஒலிக்கும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பழைய சேகா இதுவல்ல. அதற்கு வேண்டியவை மூன்றே கருவிகள்: ரவான், மரவான், ட்ரையாங்கிள் (தட்டி ஒலிக்கும் முக்கோணக் கம்பி).

அதைக் கேட்க ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், மோன் ஷ்வாசி மாதிரியான பொதுக் கடற்கரைகளுக்கு ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் போக வேண்டும். குடும்பம் குடும்பமாகப் பாயும் பாத்திரமுமாக வந்து சவுக்கு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லா வாரமும் பாட்டு உண்டு என்று சொல்ல முடியாது. எங்காவது சின்னதாகத் தீ மூட்டி யாராவது ரவானை அனலில் காட்டிக்கொண்டிருந்தால், பாட்டு வரப்போகிறது என்று அர்த்தம்.

ரவான் என்பது மர வளையத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய அகலமான ஒருமுகப் பறை. நம் பறையைப் போலவே இதையும் காய்ச்ச வேண்டும். ஆனால் குச்சி கிடையாது. உட்கார்ந்து தொடையில் சாய்த்து வெறுங்கையால் அடிப்பார்கள். நடுவில் அடித்தால் கனத்த ஒலி, விளிம்பில் விரல் பட்டால் சுள்ளென்ற ஒலி. உப்புக்காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்து பாட்டு நடக்கும்போதே ஒலி மந்தமாகிவிடும். அதனால்தான் பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி தீக்குப் போகிறார்கள்; கச்சேரி முடிந்ததென்று எழுந்து வந்துவிடாதீர்கள். அவசரப்பட்டு அனலுக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்தால் தோல் கிழியும். இந்தத் தொல்லை வேண்டாமென்று செயற்கைத் தோல் போட்ட ரவானும் வந்துவிட்டது. வசதிதான், ஆனால் அந்தக் கனம் அதில் இல்லை. மரவான் தட்டையான பெட்டி, உள்ளே விதைகள். இரு கையாலும் பிடித்துக் குலுக்குவார்கள்.

தாளம் திஸ்ரம், அதாவது மூன்று மூன்றாக வரும். 'தகிட தகிட' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு 'த'விலும் கை தட்டினால் போதும். சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் நாலு நாலாகத் தட்டினால் ரெண்டாவது சுற்றிலேயே தடுமாறிவிடும். ஆடக் கூப்பிட்டால் வெட்கப்படாமல் போங்கள். பாதத்தைத் தூக்கக் கூடாது, மணலில் இழைத்துத்தான் நகர வேண்டும், அசைவெல்லாம் இடுப்பில். ஜோடியாக ஆடினாலும் ஒருவரை ஒருவர் தொடுவதில்லை. 'அன்பா, அன்பா' (கீழே, கீழே) என்று கத்தினால் முழங்காலை மடக்கிக் கீழே இறங்கச் சொல்கிறார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாட்டு இது. சோகமும் உண்டு, ஊர்க் கேலியும் உண்டு. வரிகளை அந்த இடத்திலேயே கட்டுவதும் வழக்கம்; எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரித்தால் பாட்டில் நீங்கள் இருக்கலாம்!

பாட்டும் பேச்சும் கிரியோலில், அதாவது பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியில். 'போன்சூர்' (வணக்கம்), 'கி மான்யேர்' (எப்படி இருக்கீங்க) என்று ஆரம்பித்தால் முகம் மலரும். தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் நிறைய. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. ஆனாலும் பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் பேச வராது, எடுத்த எடுப்பில் தமிழில் பொழிந்து அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். வீடியோ எடுக்கும் முன் கேளுங்கள். குடும்பக் கூட்டத்தில் பணம் நீட்டாதீர்கள். பகிர்ந்து சாப்பிட ஏதாவது கொண்டு போவதே மரியாதை. ஊர்ப்புறப் பேருந்துகள் பொழுது சாய்ந்ததும் குறைந்துவிடும், திரும்ப வண்டியை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

இன்னும் நாள் இருந்தால் மொரிசியஸ் நாட்டின் இன்னொரு தீவான ரொட்ரிக்ஸுக்குப் போகலாம். விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கத்திய சேகா வகையான 'சேகா தம்பூர்' இன்னும் வேகமானது. பாட்டை முன்னின்று நடத்துவது பெரும்பாலும் பெண்கள்.